நோனிக்குக் கிடைக்காத சிறை

நோனி கில்மார்ட்டின் சிறைக்குப் போன திங்கட்கிழமை, ட்ரம்கீலியில் ஒரு கடையும் நேரத்துக்குத் திறக்கவில்லை. எல்லோரும் அவளுடைய முடி திருத்தும் கடைக்கு முன்னால் தூறலில் நின்றுகொண்டிருந்தோம். கசாப்புக்கடைக்காரர் ஃபெர்கஸ் ஒரு பொட்டலம் நிறைய சாண்ட்விச் கொண்டுவந்திருந்தார். பாதிரியார் வீட்டில் சமைக்கிற அம்மாள் புனித நீர் அடைத்த புட்டியை நோனியின் கைப்பையில் திணித்தாள். அண்ணன் மகன் கல்யாணத்துக்கு வாங்கிய நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, முடியை முந்தின நாளே சுருட்டி அமைத்துக்கொண்டு, நோனி ஒவ்வொருவராகக் கை குலுக்கினாள். போலீஸ்காரர் கோல்மன் ஃபீகிலி காரின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றான்.

அவளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. லீட்ரிம் பக்கத்துச் சின்ன ஊரான எங்களுக்கு இருந்த ஒரே முடி திருத்தும் கடை அவளுடையது. உயிரோடிருப்பவர்களுக்கும் அவள்தான், செத்துப்போனவர்களுக்கும் அவள்தான். சவப்பெட்டியில் கிடப்பவர்களுக்கு முடி சீவி விடுவதற்கும் அதே கூலிதான் வாங்குவாள். அவர்கள் தலையை ஆட்டுவதில்லை, கண்ணாடி கேட்பதில்லை, அதனால் குறைத்துத்தான் வாங்க வேண்டும் என்று ஃபெர்கஸ் ஒருமுறை சொன்னதற்கு, அவர்கள் மறுபடி வருவதுமில்லையே என்று பதில் சொன்னாள்.

அவளைச் சிறைக்கு அனுப்பியது ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. கடை மூலையில் பல வருடமாக உயிரில்லாமல் கிடந்த பெட்டி. படம் வராது, சத்தமும் வராது. முடி உலர்த்தும் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே என்று அதை அப்படியே விட்டு வைத்திருந்தாள். சோதனைக்கு வந்த ஆள் லைசென்ஸ் கேட்டான். எங்கள் நாட்டில் பெட்டி ஓடுகிறதா என்பது சட்டத்துக்குப் பொருட்டில்லை. வீட்டிலோ கடையிலோ பெட்டி இருந்தால் லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸைத் தபால் நிலையத்தில் உட்கார்ந்து விற்பவளே நான்தான். ஒன்று வாங்கிப் போட்டுவிடு, தொல்லை விட்டது என்று அவளிடம் எத்தனையோ தடவை சொன்னேன். என்மேல் அவளுக்குக் கோபமில்லை. வாங்கவும் இல்லை.

நீதிமன்றத்தில் நீதிபதி, பழுது பார்த்தால் பெட்டி ஓடலாம் அல்லவா என்று கேட்டார்.

"என் அத்தைகூட ஒருநாள் கல்லறையிலேர்ந்து எழுந்து வரலாம்தான் ஐயா," என்றாள் நோனி. "அதுக்காக அவளுக்கு ஓட்டுச் சீட்டு அனுப்பிக்கிட்டேவா இருக்கீங்க?"

உண்மையில் அந்த அத்தைக்குத் தேர்தல்தோறும் ஓட்டுச் சீட்டு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது வேறு விஷயம். முந்நூறு யூரோ அபராதம், கட்டாவிட்டால் பத்து நாள் சிறை என்று தீர்ப்பானது.

நோனியிடம் பணம் இல்லாமல் இல்லை. கட்ட மாட்டேன் என்றுவிட்டாள், அவ்வளவுதான். ஊரில் வசூல் செய்து கட்டிவிடலாம் என்று பேச்சு எழுந்ததும், தன் அபராதத்தைக் கட்டுகிறவர் யாராயிருந்தாலும் அவர் தலையில் இனிமேல் தன் கத்தரி படாது என்று அறிவித்தாள். அடுத்த முடி திருத்தும் கடை பதினைந்து மைல் தள்ளி இருந்தது. வசூல் நின்றுபோனது.

கைது செய்யும் உத்தரவு கோல்மன் கைக்கு வந்தது. பிள்ளைப் பருவத்திலிருந்து அவனுக்கு முடி வெட்டியவளே நோனிதான். புதன்கிழமை வரட்டுமா என்று போன் போட்டுக் கேட்டான். புதனன்று இரண்டு பேருக்கு முடி சுருட்டும் வேலை இருப்பதாகச் சொன்னாள். வெள்ளி? ஓய்வூதியக்காரர்கள் வரும் நாள். கடைசியில் கடைக்கு விடுமுறை நாளான திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. இப்படித்தான் மே மாதத்தில் ஒருநாள் கோல்மனும் ஒரு பெண் போலீஸும் அவளை டப்ளினுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியில் மூவரும் ஓட்டலில் சூப் குடித்தார்கள். நோனிதான் பணம் கொடுத்தாள். சிறை வாசலில் அவளை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது கோல்மனுக்குக் கண் கலங்கிவிட்டதாம். "போடா, போய் வண்டியைப் பார்த்து ஓட்டு," என்று அவள்தான் தேற்றி அனுப்பியிருக்கிறாள்.

இதற்கப்புறம் நடந்ததை நோனியும் ஜாசிந்தாவும் பின்னால் என்னிடம் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் ஜாசிந்தா சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஜாசிந்தா பிராஃபி, டப்ளினில் ஆற்றுக்குத் தென்பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள், முப்பது வயதுக்குள் இருக்கும். புதிதாக வருகிறவர்களை உட்கார வைக்கும் அறையில் நோனிக்கு எதிர் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டில் வாங்கக் கடன் எடுத்திருந்தாள். அலுவலகம் கூட்டித் துடைக்கும் வேலை போனதும் தவணை நின்றது. வாரா வாரம் இவ்வளவு கட்டு என்று நீதிமன்றம் போட்ட உத்தரவையும் அவளால் காப்பாற்ற முடியவில்லை. அன்று காலை அவள் தலைக்கு ஷாம்பூ போட்டுக்கொண்டிருந்தபோது போலீஸ் கதவைத் தட்டியிருக்கிறது. அலசக்கூட நேரம் தரவில்லை. நுரை அப்படியே காய்ந்து, முடி வைக்கோல் மாதிரி விறைத்து நின்றது.

நோனியால் வேறெதையும் பார்க்க முடியவில்லை. காவலுக்கு இருந்த டன்ஃபி என்ற பருத்த பெண்மணியிடம் போய், ஒரு சீப்பும் ஜாடியும் கிடைக்குமா என்று கேட்டாள். சட்டத்தில் இடமில்லை என்றாள் டன்ஃபி. அந்தத் தலையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, தன்னுடைய சீப்பையே எடுத்துக் கொடுத்தாள். அறை மூலையில் இருந்த கைகழுவும் தொட்டியில் ஜாசிந்தாவைக் குனிய வைத்து நோனி முடியை அலச ஆரம்பித்தாள்.

பாதி அலசியிருக்கும்போது அதிகாரி ஒருவர் வந்து அவள் பெயரைக் கூப்பிட்டு, போகலாம் என்றார்.

"எங்கே?" என்றாள் நோனி.

"வீட்டுக்குத்தான்."

"பத்து நாளாகலையே."

"படுக்க இடமில்லைம்மா. ஒருத்தர் படுக்கிற அறையில மூணு பேர் கிடக்கிறாங்க. அபராதக் கேசுல வர்றவங்களைப் பேர் எழுதிக்கிட்டு அன்னிக்கே அனுப்பிடுறோம்."

"கடையைப் பத்து நாளைக்குப் பூட்டிட்டு வந்திருக்கேன்."

"திறந்துக்குங்க."

"ஊரே கூடி வழியனுப்பி வச்சிருக்கு சார். பொழுது சாயறதுக்குள்ள போய் நின்னா எந்த முகத்தை வச்சுக்கிட்டு நிக்கிறது? புனித நீரெல்லாம் கொடுத்து அனுப்பியிருக்காங்க."

அதிகாரிக்கு இப்படி ஒரு கைதியைப் பழக்கமில்லை. வெளியே போக மாட்டேன் என்பவளை என்ன செய்வது என்று டன்ஃபியைப் பார்த்தார். டன்ஃபி தரையைப் பார்த்தாள். நோனி ஈரக் கையால் ஜாசிந்தாவைக் காட்டி, இடமில்லை என்றால் இவளை அனுப்பிவிட்டு இவள் இடத்தில் என்னை வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"அது முடியாது," என்றார் அதிகாரி. "நீங்க குற்றவாளி. குற்றவாளியை முன்கூட்டியே விடறதுக்குச் சட்டத்துல வழி இருக்கு. இந்தப் பொண்ணு குற்றம் எதுவும் பண்ணலை. வெறும் கடன்தான். குற்றம் பண்ணாதவங்களை முன்கூட்டியே விடறதுக்கு வழி கிடையாது."

சொல்லி முடித்ததும் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்களேன், மெதுவா," என்றாள் நோனி.

அவர், முடியை முடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். ஈரத்தைத் துவட்டி நோனி பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது, ஜாசிந்தா குனிந்தபடியே தன் வீட்டு விலாசத்தைச் சொன்னாள். அம்மா கான்செப்டாவுக்குக் கால் சரியில்லை, படியிறங்க முடியாது. பிள்ளைகள் இரண்டு பேரும் அவளோடு இருக்கிறார்கள். மூத்தவள் கெல்லி-ஆனுக்கு வருகிற சனிக்கிழமை முதல் நற்கருணை விழா, வெள்ளை உடுப்பு மாட்டி வைத்திருக்கிறது. தான் சாயங்காலம் வந்துவிடுவதாக அம்மா நினைத்துக்கொண்டிருப்பாள். வரமாட்டேன் என்று மட்டும் போய்ச் சொல்ல முடியுமா?

நோனியைச் சிறை வாசலில் விட்டபோது ஊருக்குத் திரும்ப ஒரு ரயில் சீட்டும் கொடுத்தார்கள். அதைப் பையில் வைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டித் தெற்கே நடந்தாள்.

கதவைத் திறந்த கான்செப்டாவிடம், "ஜெயில்லேர்ந்து வர்றேன்," என்றாளாம். அந்தக் குடியிருப்பில் அந்த வாக்கியம் யாரையும் பயமுறுத்துவதில்லை. உள்ளே வந்து டீ குடியுங்கள் என்றாள் கான்செப்டா. செய்தியைக் கேட்டு அவள் அழுதாள். கெல்லி-ஆன் அழவில்லை; அம்மா இல்லாவிட்டால் சனிக்கிழமை என் முடியை யார் சுருட்டி விடுவது என்று மட்டும் கேட்டாள்.

முதல் நற்கருணைக்குப் போகிற டப்ளின் சிறுமிக்கு முடி நேராகத் தொங்குவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. நோனி கோட்டைக் கழற்றினாள். பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, துணிப்பட்டைகளில் ஈர முடியைச் சுற்றி முடிச்சுப் போட்டு ஒத்திகை பார்த்தாள். காலையில் அவிழ்த்தபோது கெல்லி-ஆனின் தலையில் சுருள்கள் திராட்சைக் கொத்து மாதிரி தொங்கின. அதோடு பள்ளிக்கூடம் போனாள். மத்தியானத்துக்குள் மாடிப்படியில் தாய்மார்கள் முன்பணத்தோடு வந்து நின்றுவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் அந்தச் சனிக்கிழமை விழா அவளுக்கு மட்டுமா? அவள் வகுப்புக்கே விழா.

இங்கே ட்ரம்கீலியில் நாங்கள் நோனிக்காக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். வியாழக்கிழமை நானும் ஃபெர்கஸும் இன்னும் இரண்டு பெண்களும் ஒரு பழக் கேக்கோடு வண்டி பிடித்து அவளைப் பார்க்க டப்ளின் போனோம். அப்படி ஒருவர் இங்கே இல்லை, வந்த அன்றே அனுப்பிவிட்டோம் என்றார்கள் சிறை வாசலில். கேக்கை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஃபெர்கஸ், "ஜெயில்ல தொலைஞ்சுபோன ஆளை எங்கே போய்த் தேடறது?" என்றார்.

கோல்மனிடம் சொன்னதும் அவன் முகம் வெளுத்தது. அவள் பெயருக்குக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தான், அதை எடுத்து எடுத்துப் பார்த்தான். ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்தான். டப்ளின் கால்வாய்ப் பக்கம் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னான். சாப்பிடவில்லை என்று அவன் மனைவி வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை தபால் நிலையத்துப் போன் அடித்தது.

"ஊனா, நான்தான்," என்றாள் நோனி. "ஜெயில்லேர்ந்து பேசறேன். நல்லா இருக்கேன். சாப்பாடு பரவாயில்லை. கவலைப்பட வேண்டாம்னு எல்லாருக்கும் சொல்லிடு."

பின்னால் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. அதற்கும் பின்னால் மணியடிக்கிற மாதிரி ஒரு பாட்டு கேட்டது.

"நோனி," என்றேன், "ஜெயிலுக்குள்ள ஐஸ்கிரீம் வண்டி வருதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நன்னடத்தைக்கு," என்றாள்.

நாங்கள் வந்து தேடியதையும் கால்வாய் வரை கோல்மன் ஆள் அனுப்பியதையும் சொன்னேன். அதற்கப்புறம்தான் நடந்ததைச் சொன்னாள். ஊருக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். கோல்மனுக்கும் வண்டியில் என்னோடு வந்த மூவருக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தாள். நான் கோல்மனிடம் போய், நோனி பத்திரமாக இருக்கிறாள், வெளியே தன் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். வெளியே இருப்பவள் எப்படித் தண்டனை அனுபவிப்பாள் என்று கேட்டான். பத்து நாள் முடியும்வரை ஊருக்கு வரமாட்டாளாம் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தான், பிறகு எழுந்து போய்ச் சாப்பிட்டான்.

அன்று மத்தியானம் நோனி சுருள்களில் சம்பாதித்ததையும், வங்கியில் போட்டு வைத்திருந்த தன் பணத்தில் கொஞ்சத்தையும் எடுத்துக்கொண்டு கடன் கொடுத்த கம்பெனிக்குப் போய் ஜாசிந்தாவின் பாக்கியைக் கட்டினாள். ரசீதோடு சிறை வாசலுக்கு வந்தாள். அதே அதிகாரி அங்கே நின்றிருந்தார்.

"இடமில்லைன்னு அன்னைக்கே சொன்னேனேம்மா," என்றார் அவர்.

ஜாசிந்தாவை அன்று சாயங்காலம் விட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் சமையலறை முழுக்கத் தலையில் துணி முடிச்சுகளோடு சிறுமிகள். ஒவ்வொருத்தியாக அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பிள்ளைகளைக் கட்டிக்கொண்டாள். நடந்ததையெல்லாம் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நோனி பக்கம் திரும்பினாள். நோனி அவள் நன்றி சொல்வாள் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லத் தயாராக இருந்தாள்.

"உங்களை யார் கட்டச் சொன்னது?" என்றாள் ஜாசிந்தா.

நோனி கையிலிருந்த சீப்பை மேஜைமேல் வைத்தாள்.

"உங்க அபராதத்தை ஊர்க்காரங்க கட்ட வந்தா விடமாட்டீங்க. கத்தரி படாதுன்னு மிரட்டினீங்களாம், அம்மா சொன்னா. என் கடனை மட்டும் என்னைக் கேக்காமலே கட்டுவீங்க. உங்களுக்கு மட்டும்தான் ரோஷம் இருக்கா மிஸ்ஸிஸ்?"

"என்னோடது பிடிவாதம்," என்றாள் நோனி. "உனக்குப் பிள்ளைங்க இருக்கு."

"பிள்ளைங்க இருந்தா பிடிவாதம் இருக்கக் கூடாதா?"

கான்செப்டா டீ போட்டுக் கொடுத்தாள். யாரும் குடிக்கவில்லை. ஜாசிந்தா ஜன்னல் பக்கம் போய் நின்று எதையோ கணக்குப் போட்டாள். திரும்பி வந்து, என் சமையலறை, என் அடுப்பு, என் தண்ணீர், என் அம்மாவின் நாற்காலிகள், என் படுக்கை விரிப்பு, எல்லாவற்றுக்கும் வாடகை உண்டு என்றாள். வாடிக்கையாளர்களும் தன் மகளின் வகுப்புத் தோழிகள்தான் என்பதால் தரகுக் கூலியும் சேரும் என்றாள். அந்த விரிப்பு ஏற்கெனவே கிழிந்திருந்தது என்று நோனி மறுத்தாள். கிழிந்ததற்கும் விலை உண்டு என்றாள் ஜாசிந்தா. இரண்டு பேரும் மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து சந்தையில் கன்றுக்குட்டி விலை பேசுகிற மாதிரி பேசி முடித்தார்கள். கடைசியில் யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை, வங்கியிலிருந்து எடுத்த பணத்தை மட்டும் ஜாசிந்தா அடுத்த வருடத்துக்குள் திருப்பித் தரவேண்டும் என்று தீர்ந்தது. கை குலுக்கிக்கொண்டார்கள். டீ அதற்குள் ஆறிப்போயிருந்தது. கான்செப்டா முணுமுணுத்துக்கொண்டே மறுபடி போட்டாள்.

சனிக்கிழமை விழாவில் நோனி கல்யாணக் கோட்டோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வெள்ளை உடுப்பில் போன சிறுமிகளில் பாதிப் பேரின் தலை அவள் கைபட்டது. நற்கருணை வாங்கும்போது எந்தச் சுருளாவது அவிழ்ந்துவிடுமோ என்று பயந்ததில் தன்னால் ஜெபிக்கவே முடியவில்லை என்றாள்.

மீதி நாட்களையும் அங்கேயே முடித்தாள். தண்டனை முடிந்த நாளில் கோல்மன் விடுப்புப் போட்டுவிட்டுத் தன் சொந்தக் காரில் அவளை அழைத்து வரப் போனான். விடுதலையான ஆளைப் போலீஸ் வண்டியில் ஏற்றச் சட்டம் அனுமதிக்காது. ட்ரம்கீலி எல்லையில் ஃபெர்கஸ் துணியில் எழுதிய வரவேற்பைக் கட்டியிருந்தார். நோனி வண்டியிலிருந்து இறங்கி, சோர்ந்து போனவள் மாதிரி கொஞ்சம் மெதுவாக நடந்தாள். வண்டி பிடித்துப் போன நாங்கள் நான்கு பேரும் வாயைத் திறக்கவில்லை. சிறை எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம், கூட்டம் அதிகம் என்று மட்டும் சொன்னாள்.

கோடையில் ஜாசிந்தா பிள்ளைகளோடு ஒரு வாரம் தங்க வந்தாள். கசாப்புக்கடையில் வரிசையில் நின்றபோது, யார் வீட்டுக்கு வந்திருக்கிறாய் என்று யாரோ கேட்க, தொத்திறைச்சி நிறுத்து முடிப்பதற்குள் முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். ஊருக்குக் கோபம் வரவில்லை. நோனி தண்டனை அனுபவித்தாளா இல்லையா என்று சச்சரவுதான் வந்தது. பாதிரியார், அனுபவித்தாள், வீட்டை விட்டுப் பத்து நாள் இருந்தாளே என்றார். ஃபெர்கஸ், ஐஸ்கிரீம் சாப்பிட்டாளே என்றார். கோல்மன், தன் கையில் ரசீது இருப்பதால் தன்னைப் பொறுத்தவரை அவள் உள்ளே போய்விட்டாள், அதற்குமேல் தெரியாது என்றான்.

அடுத்த வருடம் சட்டம் மாறியது. சும்மா கடனுக்காக ஆட்களை அப்படிப் பிடித்து உள்ளே போடுவது நின்றது. ஜாசிந்தா நோனியின் பணத்தை ஏப்ரலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். மே மாதம் வந்ததும் நோனி, கடைக் கதவில் பத்து நாள் விடுமுறை என்று எழுதி ஒட்டிவிட்டு டப்ளினுக்கு ரயிலேறினாள். அந்தச் சமையலறையில் அதற்குள் ஒரு வகுப்பல்ல, மூன்று வகுப்புகள் காத்துக்கொண்டிருந்தன. வாடகை முன்கூட்டியே பேசப்பட்டிருந்தது. அந்தக் கட்டடத்தை இடிக்கும்வரை ஒவ்வொரு மே மாதமும் போனாள். எங்கே நோனி என்று யாராவது கேட்டால் ஜெயிலில் இருக்கிறாள் என்று சொல்வது எங்களுக்குப் பழகிவிட்டது.

ஒரு வருடம் எங்கள் ஊர்த் தேவாலயத்துக்குப் புதிதாக இளம் உதவிப் பாதிரியார் ஒருவர் வந்திருந்தார். விஷயம் தெரியாதவர். நோனி கில்மார்ட்டின் சிறையில் இருப்பதை அறிந்து மிகவும் வருந்துவதாக ஞாயிறு பூசையில் சொல்லி, அவள் மனம் திருந்துவதற்காக எல்லோரும் மண்டியிட்டு ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார். முடியெல்லாம் கண்ணுக்குள் விழ, கத்தரி காணாத தலைகளோடு, நாங்கள் மண்டியிட்டோம்.